கண்டக்டர் விசில்

கயிறு கட்டி நாயை நடத்துகிறவனை நான் டிரெய்னர் என்று சொல்லமாட்டேன். அவன் நாயோடு வாக்கிங் போகிறவன். நாய் இருநூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, பக்கத்தில் கருவாட்டுக் கூடை திறந்து கிடக்க வேண்டும். அப்போதும் நீ உட்காரச் சொன்ன இடத்தில் அது உட்கார்ந்திருந்தால், நீ கூப்பிட்டதும் கூடையைத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தால், நீ டிரெய்னர். இதைக் கல்பாக்கத்திலும் புதுப்பட்டினத்திலும் நாய் வைத்திருக்கிற எல்லோரிடமும் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். கொஞ்சம் திமிராகத்தான் சொல்லுவேன்.

என் பேர் ஜெபசிங். சொந்த ஊர் படாளம். அடுத்தவர் கழனியில் வேலை செய்த அப்பாவும் அம்மாவும் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். நான் கடற்கரைப் பக்கம் ஒரு பங்களாவில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். அங்கே இருந்த அல்சேஷன் முதல் வாரமே என் தொடையைப் பதம் பார்த்தது. அடிக்காமல், கட்டாமல், பேசிப் பேசியே அதை மூன்று மாதத்தில் வழிக்குக் கொண்டு வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தொழில். முதலீடு என்று பார்த்தால் தொண்டை ஒன்றுதான். காலையில் மணலில் நின்று நான் 'சிட்' என்று ஒரு குரல் கொடுத்தால், தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் சிங்காரம், "நைனா, நானும் குந்திக்கினேன்" என்று பதில் குரல் கொடுப்பான். தினமும் அதே கிண்டல்தான். தினமும் நானும் சிரிப்பேன்.

பிஸ்தா என்னுடைய நாய். வெறும் நாட்டு நாய், செம்பட்டை நிறம், ஒரு காது பாதி இல்லை. படாளம் கூட்டு ரோட்டில் லாரிக்கடியில் கிடந்த குட்டி. லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டுமாகக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் முன்னால் முதலில் இவனைத்தான் வேலை செய்ய விடுவேன். என் காலடியில் இருந்து முதுகில் தட்டிக் கை காட்டினால் போதும், நேரே ஓடி, கவிழ்த்துப் போட்ட பழைய படகு வரைக்கும் போய், திரும்பி என்னைப் பார்த்து உட்காருவான். நான் கூப்பிடும் வரை அங்கேதான் இருப்பான், வேறு யார் கூப்பிட்டாலும் வரமாட்டான். மழை வந்தாலும் சரி, பொட்டை நாய் வந்தாலும் சரி. மற்ற நாய்கள் எசமானின் கண்ணைப் பார்க்கும். பிஸ்தா என் வாயைப் பார்ப்பான். அதிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் ஆடி மாதத்தில் குரல் கம்ம ஆரம்பித்தது. கத்திக் கத்திக் கட்டிப் போயிருக்கும் என்று பனங்கற்கண்டு மென்றேன். கார்த்திகையில் 'சிட்' என்றால் பத்தடிக்கு அப்பால் கேட்கவில்லை. என் மனைவி பொன்னி திட்டித் திட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை கிள்ளி எடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தாள். சின்னப் பெண். நல்ல பொறுமை.

"குரல்வளையை முழுசா எடுத்தாத்தான் உங்களைக் காப்பாத்த முடியும், ஜெபசிங். எடுத்துட்டா அதுக்கப்புறம்..."

"தெரியும் மேடம்" என்றேன். "பேச முடியாது. அவ்ளோதான?"

"அது மட்டும் இல்ல. கொஞ்சம் உக்காந்து கேளுங்க. படம் போட்டுக் காட்டுறேன்."

நான் கேட்கவில்லை. என்னை விட இருபது வயசு சின்னவள் எனக்கு என் தொண்டையைப் படம் போட்டுக் காட்ட வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். வந்து, அந்த நிலைமையிலும் ஒரு பீடி பற்ற வைத்தேன். பொன்னி உள்ளேயே இருந்தாள். அரை மணி கழித்துதான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ கேட்டதுதான்" என்றாள். "அஞ்சு வாரத்துல ஆபரேசன்."

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். பிஸ்தாவைக் கூப்பிட வழி தெரியாமல் நான் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்க மாட்டேன். தொழில் இல்லாமல் ஊமையாக வீட்டில் உட்கார்ந்து அவள் மீன் கம்பெனிச் சம்பளத்தில் கஞ்சி குடிப்பதற்கு, இப்படியே போய்ச் சேரலாம். வீம்புக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன். பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது கண்டக்டர் விசில் கொடுத்தார். ஒரு விசில், வண்டி நின்றது. இரண்டு விசில், வண்டி கிளம்பியது. டிரைவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய வண்டியே விசிலுக்குக் கட்டுப்படும்போது என் பிஸ்தா கட்டுப்பட மாட்டானா? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே கடையில் அதே மாதிரி பித்தளை விசில் ஒன்று வாங்கினேன். பொன்னியிடம் காட்டினேன். அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இதுக்கு அவன் கேட்டா ஆபரேசனுக்கு வருவியா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

"அப்ப சொல்லிக் குடு" என்றாள்.

நெம்மேலிப் பக்கம் தோப்பு வீட்டில் நாய் விடுதி நடத்தும் தீனதயாளன் சாருக்கு விஷயம் தெரிந்து கூப்பிட்டுப் பேசினார். சென்னைக்காரர்கள் வெளிநாடு போகும்போது நாய்களை அவரிடம்தான் விட்டுப் போவார்கள். "மாசச் சம்பளத்துக்கு ஒரு டிரெய்னர் எனக்கு வேணும், ஜெபா. ஆபரேஷன் முடிஞ்சு தேறி வாங்க. உங்க நாயை நம்ம பீச்சுல விட்டு, குரல் இல்லாம இருநூறு மீட்டர்ல வேலை வாங்கிக் காட்டுங்க. வேலை உங்களுக்குத்தான்" என்றார். நல்ல மனுஷன். இரக்கப்பட்டு வேலை தருகிறேன் என்று சொல்லாமல் காட்டிவிட்டு வாங்கிக்கொள் என்று சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

நாய்க்குப் புதுச் சத்தம் கற்றுக் கொடுக்க ஒரே வழி, பழைய சத்தத்தோடு சேர்த்துக் கொடுப்பதுதான். முதலில் விசில், உடனே குரல். நூறு தடவை, இருநூறு தடவை. பிறகு குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். என் குரல் தானாகவே குறைந்துகொண்டு வந்ததால் அந்தக் கஷ்டம் எனக்கு இல்லை. ஒரு விசில் என்றால் உட்கார், இரண்டு என்றால் வா. பத்தே நாளில் பிஸ்தா பிடித்துக்கொண்டான். ஒன்பது வயசு நாய்! சிங்காரம் வலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தான். "ஏ ஜெபா, இவனுக்கு காக்கி மாட்டி டிப்போல வுடலாம்" என்றான்.

பதினோராம் நாள்தான் கோளாறு தெரிந்தது. பிஸ்தா படகுப் பக்கம் உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிடவில்லை. திடீரென்று எழுந்து எனக்கு எதிர்ப்பக்கம், தோப்பைத் தாண்டி ஈசிஆர் ரோட்டைப் பார்த்து ஓடினான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் புதுச்சேரி வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டுக்குக் கீழே பிஸ்தா வாலை ஆட்டிக்கொண்டு கண்டக்டரை அண்ணாந்து பார்த்து நின்றான். பின்னால் வந்த கார் கிறீச்சிட்டு ஒதுங்கியது. என் உயிர் என்னிடம் இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. இந்த ரோட்டில் நாள் முழுக்க விசில். அதனால் என் விசிலைத் தனியாக்கினேன். இரண்டு விசிலுக்கு நடுவே நாக்கை உருட்டி ஒரு 'ர்ர்ர்' கொடுத்தேன். இந்த ஊரில் வேறு எவனாலும் அது முடியாது. அதோடு விடவில்லை. மற்ற எந்த விசிலுக்கும் அவன் வரக்கூடாது என்பதையும் கற்றுக் கொடுக்க வேண்டும். அதற்கு வேறு ஒரு ஆள் ஊத வேண்டும். பொன்னியைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு அவள் தினமும் சாயந்திரம் மணலில் நின்று ஊதுவாள். அவளுக்கு நாக்கு உருளவில்லை. பிஸ்தா எழுந்தால் நான் அதட்டுவேன். அவள் ஊதும்போது அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டால் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு. ஒரு வாரத்தில், பொன்னி விசிலை வாயில் வைத்தாலே அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். நான் துள்ளிக் குதித்தேன்.

"யோவ், என் விசிலுக்கும் வரட்டுமே. இன்னா போச்சி உனக்கு?" என்றாள் பொன்னி ஒரு நாள்.

"ரெண்டு பேருக்கு வர்ற நாய்னா எவன் ஊதினாலும் வரும். மறுபடி பஸ்ஸாண்ட போய் நிக்கணுமா? நான் சொல்றத மட்டும் செய்."

"நாளிக்கி உன்னால ஊத முடியலன்னா?"

"ஏன் முடியாது? தொண்டையதான எடுக்கறாங்க. வாயயா எடுக்கறாங்க?"

அவள் விசிலை முந்தானையில் துடைத்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "சீக்கிரம் ஊது, இருட்டிகினு வருது" என்று நான் கத்தினேன். அதாவது, கத்துகிற மாதிரி காற்று விட்டேன். அவள் ஊதினாள். பிஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கை அசைப்பதையும் அதே மாதிரி அடைத்தேன். கரையில் நிற்கிறவர்கள் படகுக்காரர்களைப் பார்த்து எப்போதும் கையை ஆட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்கெல்லாம் ஓடினால் நாய் கெட்டுப் போகும். தூரத்தில் இருக்கும்போது கை என்பது ஒன்றுமே இல்லை, விசில்தான் எல்லாம் என்று ஆக்கினேன். நான் செய்த டிரெய்னிங்கிலேயே அதுதான் சுத்தமான டிரெய்னிங். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயந்திரம் பொன்னி ஒரு பக்கம் ஊத, சிங்காரம் ஒரு பக்கம் துண்டை ஆட்ட, இருநூறு மீட்டர் தள்ளி பிஸ்தா அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் நாக்கை உருட்டி ஊதினேன். மணலைக் கிளப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்து என் மேல் விழுந்தான். அன்றைக்கு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதுதான் அவன் கேட்ட என் கடைசி விசில்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். மூச்சு கழுத்து வழியாகப் போய் வந்தது. நான் பயப்படவில்லை. என் சித்தப்பா மகன் மோசஸ் லாரியில் அடிபட்டபோது அவனுக்கும் இப்படித்தான் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். ஒரு மாதத்தில் குழாயை எடுத்தார்கள், ஓட்டை மூடிக்கொண்டது, இன்றைக்கு அவன் சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறான். எனக்கும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நர்ஸ்கள் ஓட்டையைச் சுத்தம் செய்யப் பொன்னிக்குச் சொல்லிக் கொடுத்தபோதுகூட, இவ்வளவு அக்கறையாக எதற்கு, மூடப் போகிற ஓட்டைதானே என்று நினைத்தேன். விசில் தலையணைக்கு அடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பிஸ்தா என் மேல் ஏறவில்லை. மருந்து வாடையோ என்னவோ. எதிரே வந்து உட்கார்ந்து என் வாயைப் பார்த்தான். நான் வாயை அசைத்தேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பொறுடா, இன்னும் கொஞ்ச நாள், என்று மனசுக்குள் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் இரண்டு குழாயையும் எடுத்தார்கள். அடுத்து செங்கல்பட்டில் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும், முப்பது தடவைக்கு மேல், நெறிக்கட்டிலும் ஏதோ இருக்கிறது என்று பொன்னியிடம் சொன்னார்கள். நான் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தேன். ஓட்டை அப்படியே இருந்தது. ஓரத்தில் தையல் ஆறி, வாசல் கட்டின மாதிரி நேர்த்தியாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தீனதயாளன் சார் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயந்திரம் விசிலை எடுத்துக்கொண்டு பிஸ்தாவோடு கிளம்பினேன்.

"இன்னிக்கி வேணாம்யா" என்றாள் பொன்னி. "காத்து அடிக்கிது. மண்ணு உள்ள பூந்துக்கும்."

நான் கேட்கவில்லை. ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கரையில் யாரும் இல்லை. பிஸ்தாவின் முதுகில் தட்டிக் கை காட்டினேன். அவன் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு மாதமாகக் காத்திருந்த ஓட்டம். படகை அடைந்தான், திரும்பினான், உட்கார்ந்தான். நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதினேன்.

சத்தம் வரவில்லை. கழுத்தில் கட்டியிருந்த துணி மட்டும் உப்பி அடங்கியது.

மறுபடி ஊதினேன். வயிறு ஒட்ட ஊதினேன். காற்று முழுதும் கழுத்து வழியாகவே போனது. வாயில் ஒரு பொட்டு காற்று இல்லை. கன்னத்தை உப்பினால் அதில் இருப்பது ஒரு மடக்குக் காற்று, விசிலுக்குள் இருக்கும் உருண்டை அதற்கு அசையக்கூட இல்லை. துணியை விலக்கி விசிலை ஓட்டையிலேயே வைத்து அழுத்தினேன். ஈரமாக ஏதோ சீறியது. இருமல் வந்து மணலில் மண்டியிட்டேன். பொன்னி ஓடி வந்து என் கையிலிருந்து விசிலைப் பிடுங்கித் துடைத்துத் தன் வாயில் வைத்தாள். ஊதினாள். அழுதுகொண்டே இரண்டு விசில் ஊதினாள்.

தூரத்தில் பிஸ்தா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கை தட்டினேன். அவன் அசையவில்லை. எப்படி அசைவான்? நான் சொல்லிக் கொடுத்த நாய் அது.

ஈர மணலில் விரலால் எழுதினேன்: 'உனக்குத் தெரியுமா?'

பொன்னி படித்தாள். "தெரியும்" என்றாள். "அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்னாங்க. வாய்க்கும் மூச்சிக்கும் இனிமே சம்பந்தமே இல்லன்னாங்க. ஊத முடியாதான்னு நான்தான் கேட்டேன். முடியாதும்மான்னாங்க."

'ஏன் சொல்லல?'

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் விசிலுக்கும் நாய் வரட்டும் என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே, நான் அதட்டினேன் என்று, தன் வாயாலேயே ஊதி ஊதி அந்தக் கதவையும் அவள் அடைத்திருக்கிறாள். அவள் மேல் வந்த ஆத்திரத்துக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்த என்னிடம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆத்திரம் திரும்பி என் மேலேயே வந்து உட்கார்ந்தது.

மணி அடித்துப் பழக்கலாம், ஹாரன் அடித்துப் பழக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரியாதா? பழைய சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாய் புதுச் சத்தத்துக்கு வரும். என்னிடம் பழைய சத்தம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. முதலில் இருந்து தொடங்குவது என்றால் ஒரு வருஷ வேலை. அதற்கு அவனுக்கும் வயசில்லை, எனக்கும் நாள் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த மணல் காற்றில் நான் நிற்கவே கூடாது.

அதனால் நடந்தேன். இருநூறு மீட்டர். பத்தடிக்கு ஒரு தடவை நின்று துணியை அழுத்திக்கொண்டு மூச்சு வாங்கினேன். பிஸ்தா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வால் மட்டும் மணலை இப்படியும் அப்படியும் பெருக்கியது. உடம்பு ஒரு அங்குலம் எழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தலையைக் கட்டிக்கொண்டேன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அதைச் சொல்லக்கூட எனக்கு வழி இல்லை.

பொன்னி பின்னாலேயே வந்து கூடையிலிருந்து ஒரு சிவப்பு நைலான் கயிற்றையும் கழுத்துப் பட்டையையும் எடுத்தாள். புதுசு. கடைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. வீட்டில் இருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறாள். பட்டையை நான்தான் மாட்டினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. எத்தனையாவது துளையில் கொக்கி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவள் காட்டினாள். வர முடியாது என்று தீனதயாளன் சாருக்குச் செய்தி அனுப்பச் சொல்லி அவளுக்குக் கை காட்டினேன். உடனே பதில் வந்தது. பரவாயில்லை, உடம்பைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

ஈசிஆரைத் தாண்டுவதற்காக நின்றோம். எதிரே ஸ்டாப்பில் மகாபலிபுரம் வண்டி கிளம்பியது, கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பிஸ்தா முகத்தை அந்தப் பக்கமிருந்து திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொண்டு, கயிறு என் கையில் இருப்பது தெரியாதவன் மாதிரி, அண்ணாந்து என் வாயைப் பார்த்தான்.